அன்னதானத்துக்கு நாள் குறிப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தைப்பூசம், பங்குனி உத்திரம், சித்திரைத் திருவிழா, ஆடி வெள்ளி, புரட்டாசிச் சனி என்று வரிசையாகப் பந்தல் போட்டு அன்னதானம் நடக்கும் மாநிலம் நம்முடையது. ரமலான் மாதம் முழுக்கப் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி கொதிக்கிறது. தென்மாவட்டத் தேவாலயங்களில் அசன விருந்து நடக்கிறது. இதையெல்லாம் பார்த்துவிட்டு, பக்தி இல்லாவிட்டால் பசித்தவனுக்கு யார் போடுவார் என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். எல்லாம் புண்ணியக் கணக்கு, பசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்கிறார்கள் இன்னொரு சாரார். இரண்டு தரப்புமே அண்டா பக்கம் வந்ததில்லை என்று தோன்றுகிறது. அரிசியையும் ஆள்பலத்தையும் கொண்டுவந்து சேர்ப்பதில் பக்தியை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் எந்த நாளில், எந்த இடத்தில், எதைச் சமைப்பது என்பதையும் பக்தியே முடிவு செய்யும்போதுதான் சோறு குப்பைக்குப் போகிறது. கொடுப்பவர் வேண்டிக்கொண்டபடி கொடுக்கட்டும். நாளையும் வேளையையும் பதார்த்தத்தையும் சமையற்கூடம் முடிவு செய்யட்டும். இதுதான் எங்கள் கோரிக்கை. காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருப்பதால் கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டும்.

வடலூரிலிருந்து தொடங்குவதே முறை. 1867 மே 23 அன்று இராமலிங்க அடிகள் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்துக்காரர்கள் கொடுத்த நிலம் அது, ஏறக்குறைய 80 காணி. அதற்கு முந்தைய ஆண்டுதான் மதராஸ் மாகாணத்தின் சில பகுதிகளைப் பஞ்சம் வாட்டியிருந்தது. பத்தாண்டு கழித்துத் தாது வருஷப் பஞ்சம் வந்தது. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை என்று எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். அது எப்படி முடிந்தது என்று கேட்பவர்கள் குறைவு. தைப்பூசத்தன்று ஜோதி தரிசனத்துக்குக் கூட்டம் அலைமோதும், சமையலும் பல மடங்கு கூடும். ஆனால் கூட்டம் கலைந்த மறுநாளும் சாலையில் உலை வைக்கிறார்கள். தருமச்சாலை நாள் பார்த்துச் சமைப்பதில்லை. வருகிறவரிடம் ஊர், சாதி, மதம், நடத்தை எதையும் விசாரிக்கக் கூடாது என்பது அடிகள் வகுத்த விதி. இது பெரிய அறம் என்பது இருக்கட்டும், சமையற்கட்டுக்குப் பெரிய சௌகரியமும்கூட. டோக்கன் கொடுக்க ஆள் வேண்டாம், அட்டை பார்க்க ஆள் வேண்டாம், தகுதி பற்றிய தகராறு இல்லை. இன்னொன்று, சாலைக்கு வருகிற காணிக்கையில் அரிசியும் காய்கறியுமாகப் பொருளாகவே வருவது ஏராளம். பொருள் இருப்பில் நிற்கும். சமைத்த சோறு நான்கு மணி நேரம்கூட நிற்காது. பக்தர்கள் வீட்டில் சமைத்து எடுத்துவந்து விநியோகிப்பதற்கும் மூட்டையை இறக்கிவிட்டுப் போவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

திருவண்ணாமலையில் நடப்பது இதற்கு நேர்மாறு. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமி இரவில் அந்தப் பாதையில் சில நூறு அடிகளுக்கு ஓர் இடத்தில் வெண்பொங்கலோ சாம்பார் சாதமோ நீட்டுகிறார்கள். நடப்பவர் முதல் இடத்தில் வாங்கிச் சாப்பிடுகிறார், இரண்டாவது இடத்தில் மரியாதைக்கு வாங்குகிறார், மூன்றாவது இடத்தில் வாங்கி இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டை ஓரமாக வைத்துவிடுகிறார். பிரசாதத்தை மறுக்கக் கூடாது என்ற பயம் வேறு. விடியற்காலையில் துப்புரவுப் பணியாளர்கள் அள்ளுவதில் பாதி சோறு. அதே பாதையில் படுத்திருக்கும் சாதுக்களுக்கும் முதியவர்களுக்கும் அடுத்த செவ்வாய்க்கிழமை இரவு என்ன கிடைக்கும் என்று யாரும் கேட்பதில்லை. சித்திரா பௌர்ணமிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் மாவட்ட நிர்வாகம் முன்அனுமதி, இடம், நேரம் என்று நிபந்தனை போடுவது நல்ல காரியம். அதைக் கெடுபிடி என்று சலித்துக்கொள்பவர்கள் மறுநாள் காலை ஒருமுறை அந்தப் பாதையில் நடந்து பார்க்க வேண்டும்.

எந்த அன்னதானக் கூடத்தின் பதிவேட்டையும் புரட்டிப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமி, கிருத்திகை, ஏகாதசிக்கு மறுநாள் துவாதசி, சனிக்கிழமை எல்லாம் மாதக் கணக்கில் முன்பதிவாகியிருக்கும். தேய்பிறை அஷ்டமி, நவமி வெறுமையாகக் கிடக்கும். மார்கழியில் அதிகாலைப் பொங்கலுக்குப் போட்டி, அதே மாதம் மதியத்துக்கு ஆள் இல்லை. பள்ளி விடுமுறையான மே மாதத்தில் சத்துணவு கிடையாது, குழந்தைகள் வீட்டில் இருக்கிறார்கள், அப்போதுதான் நன்கொடை மெலிகிறது. இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. கட்டளை. ஒரு தொகையை நிரந்தர வைப்பாகப் போட்டு, அதன் வட்டியில் ஆண்டுக்கு ஒரு நாள் சோறு போடுவது. இந்து சமய அறநிலையத் துறையின் கோயில்களில் 2002-ல் தொடங்கிய மதிய அன்னதானத் திட்டம் எழுநூறுக்கும் மேற்பட்ட கோயில்களுக்குப் பரவியிருப்பதற்கும், 2012-ல் திருவரங்கத்திலும் பழநியிலும் நாள் முழுவதும் என்றாகி 2021-ல் சமயபுரம், திருத்தணி, திருச்செந்தூருக்கு நீண்டதற்கும் இப்படிச் சேர்ந்துகொண்டே இருக்கும் சிறு காணிக்கைகள் பெரும் துணை. நாங்கள் கேட்பது சின்ன மாற்றம்தான். மகன் பிறந்தநாளுக்குப் பணம் கட்டுகிறவர் பெயரில் அன்றே அர்ச்சனை நடக்கட்டும், பெயரும் பலகையில் ஏறட்டும். பொருள் மட்டும் களஞ்சியத்துக்குப் போய், காலியாக உள்ள நாளில் சமைக்கப்படும் என்று ரசீதிலேயே அச்சடித்துவிடலாம். மறுப்பவர்கள் சிலர் இருப்பார்கள். பெரும்பாலானோர் காரணத்தைச் சொன்னால் ஒப்புக்கொள்வார்கள், ஏனென்றால் அவர்களுக்கு வேண்டியது வேண்டுதல் நிறைவேறுவது.

நேரத்துக்கு வருவோம். உச்சிக்காலப் பூசை முடிந்த பிறகுதான் பந்தி என்பது பல இடங்களில் வழக்கம். பூசை தாமதமானால் பந்தியும் தாமதம். வரிசையில் நிற்பவர்களில் சர்க்கரை நோயாளிகள் உண்டு. காலையிலேயே மாத்திரை போட்டுவிட்டு, சோறு 12 மணிக்கு என்று நம்பி வந்தவர்கள் 1.30 வரை வெயிலில் நின்றால் சர்க்கரை இறங்கி, வியர்த்து, மயங்கி விழுவார்கள். கூட்டத்தில் மிதிபட்டதாக நினைத்துத் தண்ணீர் தெளிப்பார்கள். நினைவோடு இருப்பவருக்கு அங்கே வேண்டியது ஒரு கை சர்க்கரை அல்லது ஒரு துண்டு வெல்லம், நினைவில்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108. தீர்வு எளிது. நைவேத்தியத்துக்கு முதல் பங்கைத் தனியே எடுத்துக் கொடுத்தனுப்பிவிட்டுப் பந்தியைக் குறித்த நேரத்தில் தொடங்குவது. இறைவனுக்குப் படைக்காமல் பரிமாறவில்லை, நேரமும் தவறவில்லை.

நடுப்பகலில் எல்லோரும் போடுகிறார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு வெகு சிலரே இருக்கிறார்கள். 1801-ல் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி ஆங்கிலேய ரெசிடெண்டுக்குத் தம் சத்திரங்களைப் பற்றி எழுதிய கடிதத்தில் இதற்கு ஒரு வழக்கம் பதிவாகியிருக்கிறது. நள்ளிரவு வரை சோறு போட்டபின் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரலாம் என்று அறிவிப்பார்களாம். சமைத்த சோறு ஏற்காதவர்களுக்கு அரிசியும் மளிகையுமாகவே அளந்து கொடுத்திருக்கிறார்கள். அந்தணர் முதல் பறையர் வரை எல்லோருக்கும் என்று அந்தக் கடிதம் சொல்கிறது, சேர்ந்து உட்கார்ந்து என்று சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஆனால் அந்த மணி நமக்கு இன்று வேண்டும். பேருந்து நிலையத்திலும் அரசு மருத்துவமனை வளாகத்திலும் இரவு 9 மணிக்குமேல் நிற்பவர்களில் உள்நோயாளிக்குத் துணைக்கு வந்த உறவினர்கள் ஏராளம். நோயாளிக்கு வார்டில் சாப்பாடு உண்டு. துணைக்கு இருப்பவருக்குக் கிடையாது.

இனி அளவு. புதிதாக அன்னதானம் தொடங்கும் இளைஞர் மன்றங்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். 100 பேருக்கு இலை போட்டுச் சாப்பாடு என்றால் புழுங்கல் அரிசி 10 கிலோ. கூலி வேலைக்குப் போகும் ஆண்கள் அதிகம் என்றால் 12 கிலோ. சாம்பார் 15 லிட்டர் வர வேண்டும்: துவரம் பருப்பு 2 கிலோ, காய் 4 முதல் 5 கிலோ, புளி 350 கிராம், சாம்பார் பொடி 300 கிராம், உப்பு 200 கிராம். ரசம் 8 லிட்டர், மோர் 12 லிட்டர் (அதற்குத் தயிர் 3 லிட்டர் போதும்). பொரியலுக்கு நறுக்கிய காய் 6 முதல் 7 கிலோ. தண்ணீரை எல்லோரும் மறந்துவிடுவார்கள். குடிக்க, கை கழுவ, பாத்திரம் அலச என்று 100 பேருக்கு 300 லிட்டராவது வேண்டும்.

கலந்த சாதமாகக் கொடுத்தால் ஆள் குறைவாகப் போதும். சாம்பார் சாதத்துக்கு 100 பேருக்கு அரிசி 6 கிலோ, பருப்பு 2 கிலோ, காய் 5 கிலோ, தண்ணீர் 38 லிட்டர் அளவில், உப்பு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக. இறக்கும்போது தளதளவென்று, கரண்டியிலிருந்து வழியும் பதத்தில் இருக்க வேண்டும். அந்தப் பதத்தில் இறக்கினால்தான் ஒரு மணி நேரம் கழித்துப் பரிமாறும்போது சரியாக இருக்கும். அடுப்பிலேயே கெட்டியாகிவிட்டால் வண்டியில் போய்ச் சேர்வதற்குள் கட்டியாகி, தட்டில் உருண்டையாக விழும். அப்போது பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கிளறுவார்கள். அதைவிடக் கெடுதல் வேறில்லை. கொதிக்கக் கொதிக்க 5 லிட்டர் வெந்நீர் தனியாகக் கையில் இருக்க வேண்டும்.

100 பேர் கணக்கை அப்படியே பத்தால் பெருக்கி 1,000 பேருக்குச் சமைத்தால் கெட்டுப்போகும். பெரிய அண்டாவில் கொள்ளளவைப் பார்க்க மேற்பரப்பு குறைவு, ஆவியாவதும் அதற்கேற்பக் குறைவு. அதனால் தண்ணீரைப் பத்தில் ஒரு பங்காவது குறைக்க வேண்டும். உப்பு, மிளகாய், பெருங்காயம் மூன்றையும் கணக்கில் முக்கால் பங்கு போட்டு, ருசி பார்த்து மீதியைச் சேர்க்க வேண்டும். இறக்கிய பிறகும் அந்தச் சூட்டிலேயே அரிசி வெந்துகொண்டிருக்கும், ஆகவே முக்கால் பதம் தாண்டியதுமே வடிக்கலாம். ஒரே அண்டாவில் 25 கிலோவுக்குமேல் அரிசி போட்டால் அடியில் குழைந்து மேலே நறுக்கரிசியாக நிற்கும். இரண்டு ஈடாக வடிப்பதே நல்லது. முதல் ஈடு பந்தியில் போய்க்கொண்டிருக்கும்போது இரண்டாவது ஈடு வேகட்டும். கூட்டம் குறைந்தால் இரண்டாவது ஈட்டின் அரிசி மூட்டையிலேயே இருக்கும். மிச்சம் பிடிக்க இதைவிட நல்ல உபாயம் கிடையாது.

பித்தளை அண்டா நன்கொடையாக வருவது உண்டு. ஈயம் பூசாமல் அதில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறி வாந்தி எடுக்க வைக்கும். அதில் தண்ணீர் சேமியுங்கள், அரிசி களையுங்கள், புளியும் மோரும் மட்டும் வேண்டாம்.

கோயில் சோறு கெடாது என்ற நம்பிக்கைதான் எல்லாவற்றையும்விட ஆபத்தானது. கிருமிக்குப் பிரசாதம் என்று தெரியாது. அரிசியில் இயல்பாகவே இருக்கும் பேசிலஸ் வகைக் கிருமியின் விதைகள் கொதிநீரிலும் சாவதில்லை. வடித்த சோறு இளஞ்சூட்டில் மூடிக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன, அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. அதிகாலை 5 மணிக்குச் சமைத்து, பெரிய அண்டாவில் தட்டுப் போட்டு மூடி, பகல் 1 மணிக்குப் பரிமாறப்படும் சாம்பார் சாதத்தால் ஊரே வாந்தியிலும் வயிற்றுப்போக்கிலும் படுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான், பல்லி விழுந்ததல்ல. விதி ஒன்றே ஒன்று. உணவு 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், அதாவது பாத்திரத்தின் பக்கவாட்டில் விரலை வைத்து எடுத்தாக வேண்டிய சூடு. அப்படி வைக்க முடியாவிட்டால் இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறி முடித்துவிட வேண்டும். நெடுந்தூரம் எடுத்துப்போக வேண்டுமானால் புளியோதரை செய்யுங்கள். 10 கிலோ அரிசிக்குப் புளி ஒரு கிலோவுக்கு மேல், நல்லெண்ணெய் ஒன்றேகால் லிட்டர். சோற்றைத் துணி விரித்த பாயில் பரப்பி ஆறவிட்டு அதன்பிறகு கலக்க வேண்டும். புளிப்பு இருக்கும்வரை கிருமி தயங்கும். எலுமிச்சை சாதமும் அப்படியே. தேங்காய்ச் சட்னி, தேங்காய் சாதம், உருளைக்கிழங்கு மசால் மூன்றும் வெயில் காலத்தில் வேண்டவே வேண்டாம். தயிர் சாதத்துக்குச் சோறு நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூட்டில் தயிரைக் கொட்டினால் திரிந்து நீர் பிரிந்துவிடும்.

கையில் புண்ணோ கட்டோ உள்ளவர் பரிமாறக் கூடாது என்று சொன்னால் மனத்தாங்கல் வரும், ஏனென்றால் பரிமாறுவதே நேர்த்திக்கடன். அவர்களை இலை போட, செருப்புப் பார்த்துக்கொள்ள, வரிசையில் நிற்கும் முதியவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க அனுப்பலாம். சேவை என்று வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது, அண்டா பக்கமும் விடக் கூடாது. ஒவ்வொரு பதார்த்தத்திலும் ஒரு கிண்ணம் மூடி எடுத்து, குளிர்பெட்டியில் ஒரு நாளாவது வைத்திருப்பது நல்லது. யாருக்காவது உடம்புக்கு வந்தால் எதனால் என்று சோதிக்க அது ஒன்றுதான் சாட்சி. 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டப்படி மத நிகழ்ச்சிகளில் உணவு வழங்குபவர்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும். கட்டணம் சொற்பம், இணையத்திலேயே முடியும். இருந்தும், சாமி காரியத்துக்கு எதற்கு லைசென்ஸ் என்று கேட்பவர்கள் குறையவில்லை.

பதார்த்தத்தை மரபு தீர்மானிப்பதில் நல்லதும் உண்டு என்பதற்கு நோன்புக் கஞ்சியே சாட்சி. பகல் முழுக்க வயிறு காய்ந்தவனுக்கு என்றே பதம் பார்த்து உருவான உணவு அது. 100 பேருக்கு 30 லிட்டர் கஞ்சி என்றால் பச்சரிசி நொய் 3 கிலோ, பாசிப்பருப்பு அரைக் கிலோ, வெந்தயம் 50 கிராம், வெங்காயம் ஒன்றரைக் கிலோ, தக்காளி ஒரு கிலோ, இஞ்சி பூண்டு விழுது 300 கிராம், தேங்காய் 4, புதினா மல்லி தாராளமாக. கறி சேர்ப்பவர்கள் ஒரு கிலோ கொத்துக்கறி சேர்ப்பார்கள். நொய் போட்டதிலிருந்து துடுப்பு நிற்கக் கூடாது. இரண்டு நிமிடம் விட்டால் அடிப்பிடிக்கும், பிடித்த வாடை 30 லிட்டருக்கும் ஏறிவிடும். பிடித்தது தெரிந்தால் சுரண்டாமல் மேல்கஞ்சியை வேறு தேக்சாவுக்கு மாற்றிவிட வேண்டும். தேங்காய்ப்பால் கடைசியில்தான், ஊற்றி ஒரு கொதியில் இறக்க வேண்டும். அசர் என்னும் பிற்பகல் தொழுகை முடிந்த வேளையில் பள்ளிவாசல் வாசலில் தூக்குவாளியோடு நிற்பவர்களில் எல்லா மதத்தவரும் உண்டு, யாரும் பெயர் கேட்பதில்லை. இதற்கென்று அரசு ஆண்டுதோறும் பள்ளிவாசல்களுக்கு அரிசி ஒதுக்குகிறது. பல் இல்லாத கிழவருக்கும் காய்ச்சலில் கிடப்பவருக்கும் இந்தக் கஞ்சி இறங்கும் அளவுக்கு நம் சர்க்கரைப் பொங்கலும் வடையும் இறங்காது. ரமலான் முடிந்ததும் அந்தத் தேக்சாக்கள் பதினோரு மாதம் கவிழ்ந்து கிடப்பதுதான் வருத்தம். வெள்ளிக்கிழமை மட்டுமாவது அடுப்பேற்றினால் என்ன?

கோயிலில் முட்டை போட முடியாது, வெங்காயம் பூண்டுகூடச் சில இடங்களில் ஆகாது. அதைப் பற்றிச் சண்டை வேண்டாம். ஆனால் தினமும் வெறும் சோறும் நீர்த்த சாம்பாரும் சாப்பிடுபவர் வயிறு நிறைந்தும் மெலிந்துகொண்டே இருப்பார். சுண்டல் கோயிலுக்கு அந்நியமல்ல. 100 பேருக்கு 3 கிலோ கொண்டைக்கடலையோ காராமணியோ முந்தின இரவு ஊறவைத்தால் ஆளுக்கு ஒரு கரண்டி வரும். நவராத்திரிக்கு மட்டும் என்று அதை ஒதுக்கி வைப்பானேன்? முருங்கைக்கீரை இன்னும் மலிவு, ஆய்வதற்குத்தான் ஆள் வேண்டும், அந்த ஆளைத்தான் பக்தி இலவசமாகக் கொடுக்கிறதே. நாட்கணக்கில் எதுவும் சாப்பிடாமல் கிடந்தவர் வந்தால் மட்டும் எடுத்தவுடன் இலை நிறையப் போட்டுவிடக் கூடாது. உப்புப் போட்ட நீர்த்த கஞ்சி ஒரு டம்ளர், சற்றுப் பொறுத்து இன்னொன்று. காய்ந்த உடம்பில் திடீரென்று மாவுச்சத்து இறங்கினால் ரத்தத்தில் பாஸ்பரஸ் குறைந்து இதயம் வரை பாதிக்கும். கைகால் வீங்கி, எழ முடியாமல் இருப்பவரை மருத்துவமனைக்கு அனுப்புவதே சரி.

பிடி அரிசி பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா மதத்துக்கும் ஒத்துவரும் முறை அது. காஞ்சி மடத்தின் பிடி அரிசித் திட்டமும், தேவாலயப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கை அரிசியைப் பானையில் ஒதுக்கி ஆலயத்தில் சேர்க்கும் வழக்கமும் ஒரே கைதான். ஒரு பிடி சுமார் 50 கிராம். 200 வீடு, 30 நாள் என்றால் 300 கிலோ. ஆளுக்கு 120 கிராம் வீதம் 2,500 சாப்பாடு. காகிதத்தில் இவ்வளவு அழகாக இருக்கும் திட்டம் ஏன் ஆறே மாதத்தில் படுத்துவிடுகிறது? அரிசி கலப்பால்தான். ஒரு வீட்டில் பொன்னி, ஒரு வீட்டில் ரேஷன் புழுங்கல், ஒரு வீட்டில் பச்சரிசி. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டி உலையில் போட்டால் பச்சரிசி குழைந்து கஞ்சியாகும்போது புழுங்கல் விதையாக நிற்கும். வாங்கும் இடத்திலேயே பச்சை, புழுங்கல் என்று இரண்டு டிரம் வைத்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. அதற்குமேலும் கலந்துவந்ததை இட்லி மாவுக்கோ கஞ்சிக்கோ திருப்பிவிடலாம். வீட்டுப் பானையில் ஒரு மாதம் கிடந்த அரிசியில் வண்டு இருக்கும், ஆகவே வாரம் ஒருமுறை சேகரிப்பதே நல்லது. சலித்து, நிழலில் உலர்த்தி, காய்ந்த வேப்பிலையோடு மூடி, பழையது முதலில் போகும்படி சாக்கில் தேதி எழுத வேண்டும். சேகரிக்கப் போகும் ஆள் இரண்டு வாரம் வராமல் போனால் மூன்றாவது வாரம் வீட்டார் அந்த அரிசியைச் சமைத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இந்த மாநிலத்தில் பசியைப் பெரிதும் குறைத்தது ரேஷன் கடையும் பள்ளிச் சத்துணவும்தான், கோயிலோ பள்ளிவாசலோ அல்ல. 1956-ல் காமராசர் ஆட்சியில் விரிந்த மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு, 2011 முதல் விலையில்லா அரிசி, 2022 முதல் காலை உணவு ஆகியவை தொட்ட எண்ணிக்கையை எந்த அன்னதானமும் தொட முடியாது. மதத் தலங்களால் முடிவது இந்த வலையின் ஓட்டைகளை அடைப்பது. குடும்ப அட்டை இல்லாத நாடோடிக் குடும்பம், அட்டை இருந்தும் அடுப்பில்லாத நடைபாதைவாசி, ஊரில் அட்டையை வைத்துவிட்டு வேலை தேடி வந்த வடமாநிலத் தொழிலாளி, பிள்ளைகள் கைவிட்ட படுத்த படுக்கைக் கிழவி. கடைசியாகச் சொன்னவர் எந்தப் பந்திக்கும் வரமாட்டார். 1833-ல் பாரிசில் தொடங்கி நம் ஊர்க் கத்தோலிக்கத் திருச்சபைப் பங்குகளிலும் இயங்கும் வின்சென்ட் தே பால் சபையினர் இருவர் இருவராக வீடு தேடிப் போய்ப் பார்க்கும் முறை இங்கே உதவும். ஒருவராகப் போனால் வம்பு, மூவராகப் போனால் வீட்டில் உட்கார இடம் இருக்காது. போகிறவர் அரிசியோடு அந்த வீட்டில் விறகோ கேஸோ இருக்கிறதா, சமைக்க யார் இருக்கிறார்கள் என்றும் பார்த்து வர வேண்டும். இல்லையென்றால் அரிசி உதவாது, சமைத்த சோறு தூக்குவாளியில் போக வேண்டும்.

வாங்குபவரைப் படம் பிடிப்பது, சோறு வைப்பதற்குமுன் ஜெபமோ நாமமோ சொல்லச் சொல்வது, ஒரு தெருக்காரர்களை மட்டும் கடைசிப் பந்தியில் உட்கார வைப்பது, இலையில் போடாமல் தூக்கில் ஊற்றி அனுப்புவது, இவை இன்னும் நடக்கின்றன. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் சேர்ந்து உண்ண வைத்து ஒன்றே முக்கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. கோயில்களில் சுதந்திர தினத்துக்கு அமைச்சர்களும் அதிகாரிகளும் உட்காரும் சமபந்தி மற்ற நாட்களிலும் சமபந்தியாகவே இருக்கிறதா என்று அறநிலையத் துறை அவ்வப்போது முன்னறிவிப்பின்றிப் பார்ப்பது நல்லது.

மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு நகரிலும் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், குருத்வாரா, சன்மார்க்க சங்கம் ஆகியவற்றின் சமையற்கூடப் பொறுப்பாளர்களை மாதம் ஒருமுறை உட்கார வைத்து, எந்த நாள் எந்த வேளை யார் போடுகிறார்கள் என்று ஒரே அட்டவணை தயாரிக்கச் சொல்லுங்கள். தலைவர்களையோ அறங்காவலர்களையோ அல்ல, சமைப்பவர்களைக் கூப்பிடுங்கள், கூட்டம் அரை மணி நேரத்தில் முடியும். அன்னதானக் கூட வாசலில் நன்கொடையாளர் பெயர்ப் பலகை எப்போதும் பளபளப்பாக இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு பலகை வைத்து, இந்த மாதம் யாரும் ஏற்காத நாட்கள் இவை என்று எழுதி வைக்கலாம். அஷ்டமி, நவமிக்கு ஆள் கிடைத்துவிட்டால் அடுத்து எழுத வேண்டியது மே மாத இரவுகள்.

இப்படிக்கு,
அன்னதானச் சமையற்கூடப் பணியாளர்கள் சிலர்,
கடலூர் மாவட்டம்.